கம்பெனி கைமாறியது, என் பணம்தான் போனது

சின்ன வைரச் சுரங்கக் கம்பெனி ஒன்றைப் பெரிய ஆள் வாங்கப்போகிறார், இப்போதே பங்கு வாங்கிப் போடுங்கள் என்று யாராவது செய்தி அனுப்பினால், பணம் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 4,200 பவுண்டு போய்விட்டது.

சிறு கம்பெனிகளுக்கென்று லண்டனில் இருக்கும் எய்ம் சந்தையில் அந்தப் பங்கு 6 பென்ஸுக்குக் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் ஒரே ஒரு சுரங்கம், அதன்மேல் நிறையக் கடன். மாதம் 30 பவுண்டு சந்தாவுக்கு வாட்ஸாப்பில் 'உள்தகவல்' தரும் ஒருவர்தான் அதைக் காட்டினார். அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். "18 பென்ஸுக்குக் கேட்கிறார்கள் தம்பி, இந்த மாதத்துக்குள் அறிவிப்பு வந்துவிடும்" என்றார்.

உதாரணங்களும் சொன்னார். ஆப்பிரிக்கன் டயமண்ட்ஸ் கம்பெனியை 2010-இல் லூகாரா வாங்கியது, அதன் போட்ஸ்வானா சுரங்கத்தில்தான் 2015-இல் 1,109 காரட் கல் கிடைத்தது. கனடாவின் டொமினியன் வைரக் கம்பெனி 2017-இல் ஏறத்தாழ 120 கோடி அமெரிக்க டாலருக்கு விலைபோனது. எல்லாம் உண்மை. ஆனால் அதே கனடாவில் 2019-இல் ஸ்டோர்னோவே என்ற வைரக் கம்பெனிக்கு நடந்ததை அவர் சொல்லவே இல்லை. அதன் ரெனார்ட் சுரங்கத்தைக் கடன் கொடுத்தவர்களே எடுத்துக்கொண்டார்கள். பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

70,000 பங்கு வாங்கினேன். விலை 8 பென்ஸ் வரை ஏறியது. விற்கலாமா என்றதற்கு, "அவசரப்படாதே" என்றார். விலை ஏறுவதற்கு எந்தக் காரணமும் எங்களுக்குத் தெரியாது என்று கம்பெனியே அறிவித்தது. "பேச்சு நடக்கும்போது அப்படித்தான் மறைப்பார்கள்" என்று அதற்கும் ஒரு விளக்கம் வந்தது. அது முழுப் பொய். யாராவது வாங்கக் கேட்டு, அந்தச் செய்தி கசிந்து விலை ஆடினால், பிரிட்டனின் விதிப்படி அதை வெளியே சொல்லியாக வேண்டும். கேட்டவர் பெயர் வெளிவந்தால், 28 நாளுக்குள் அவர் விலை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விலக வேண்டும். அவகாசம் நீட்டலாம்தான், அதையும் அறிவித்துத்தான் செய்ய முடியும். இது தெரிந்திருந்தால் அன்றே விற்றிருப்பேன்.

அப்புறம் ஒரு நாள் காலை 7 மணிக்கு அறிவிப்பு வந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். கடன் கொடுத்தவர்கள் கடனைப் பங்காக மாற்றிக்கொள்கிறார்கள், ஒரு பங்கு 1 பென்னி. கம்பெனியின் 82 சதவீதம் அவர்கள் கைக்குப் போனது. எய்மிலிருந்து விலக, பதிவாகும் ஓட்டில் 75 சதவீதம் போதும். இரண்டு மாதத்தில் கம்பெனியை அந்தச் சந்தையிலிருந்தே விலக்கிவிட்டார்கள், பங்கை விற்க இடமில்லாமல் போனது. என் கணக்கில் 70,000 என்ற எண் இன்னும் இருக்கிறது, பக்கத்தில் மதிப்பு 0.00.

கைமாறும் என்று அவர் சொன்னது நடந்தது. யார் கைக்கு என்பதைத்தான் நான் கேட்கவில்லை. ஆண்டறிக்கையில் எல்லாம் இருந்தது: கடன் எந்தத் தேதியில் முடிகிறது, கம்பெனி தொடர்ந்து ஓடுமா என்பதே சந்தேகம் என்ற தணிக்கையாளர் குறிப்பு. தயவுசெய்து அந்தப் பக்கத்தை முதலில் பாருங்கள். ஆலோசனை சொல்பவருக்கு அனுமதி இருக்கிறதா என்று பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையத்தின் (FCA) பதிவேட்டில் தேடுங்கள். இவர் பெயர் அதில் இல்லை.

கேள்வி கேட்டதும் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். போன வாரம் என் மைத்துனர் போனைக் காட்டினார். இந்த முறை ஒரு தங்கச் சுரங்கம். "இந்த மாதத்துக்குள் அறிவிப்பு வந்துவிடும் தம்பி" என்று அதே வரி.