விருந்துக்குப் போகும்போது எதைக் கொண்டுபோவது? பூங்கொத்து முதல் பரிசு அட்டை வரை ஓர் ஒப்பீட்டு அலசல்

விடுமுறைக் காலத்தில் அன்பளிப்பு வாங்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு வேலைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். விருந்துக்கு அழைத்தவரின் வீட்டு வாசலில் கையில் கொடுப்பது ஒன்று. நெருங்கிய நண்பருக்கு யோசித்துத் தேர்ந்தெடுத்துத் தருவது மற்றொன்று. முன்னதைப் பெறுபவர் அந்த நேரத்தில் அடுப்பில் ஒரு கண்ணும் கதவில் ஒரு கண்ணுமாக நிற்பவர். பின்னதைப் பெறுபவரோ அதை நிதானமாகப் பிரித்துப் பார்த்து, மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளப் போகிறவர். ஆகவே இருவருக்கும் ஒரே பட்டியலிலிருந்து வாங்குவது சரிப்படாது. விருந்தளிப்பவருக்கான பொருள் அவருக்கு அன்றிரவு எவ்வளவு வேலை வைக்கும் என்று பார்க்க வேண்டும். நண்பருக்கான பொருள் ஓர் ஆண்டு கழித்து எங்கே இருக்கும் என்று பார்க்க வேண்டும். வழக்கமாகக் கைக்கு வரும் பொருள்களை இந்த இரண்டு அளவுகோல்களிலும் வைத்துப் பார்ப்போம்.

பலருக்கும் முதலில் தோன்றுவது பூங்கொத்துதான். அழகில் அதற்கு ஈடில்லை. யார் வீட்டிலும் இடத்தை நிரந்தரமாக அடைத்துக்கொள்ளாது. ஒரு வாரத்தில் தானே விடைபெற்றுவிடும் என்பதும் ஒரு வசதிதான். ஆனால் வாசலில் நடப்பதைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். நான்கு பேர் ஒரே சமயத்தில் உள்ளே வருகிறார்கள். கண்ணாடித்தாளில் சுற்றிய கொத்தை வாங்கிக்கொண்ட வீட்டுக்காரருக்கு, பாத்திரங்கள் நிறைந்த சமையலறை மேடையில் அதை வைக்க இடமில்லை. பூச்சாடி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதை இறக்கித் துடைத்து, தண்ணீர் நிரப்பி, கொத்தைக் கட்டியிருக்கும் ரப்பர் வளையத்தை அறுத்து, தண்டுகளின் அடியை ஓரிரு சென்டிமீட்டர் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் அமிழக்கூடிய இலைகளைக் கிள்ளி எறிந்து, பிறகு அடுக்குவதற்குக் குறைந்தது பத்து நிமிடமாவது ஆகும். அந்தப் பத்து நிமிடம் அப்போது அவரிடம் இல்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்தால், தண்டின் வெட்டுவாயில் காற்று புகுந்து நீர் ஏறும் வழி அடைபட்டு, விருந்து முடிவதற்குள்ளேயே பூக்கள் தலை சாயத் தொடங்கிவிடும்.

இதற்காகப் பூங்கொத்தையே தள்ளிவிட வேண்டியதில்லை. விருந்து நாளன்று காலையிலோ மறுநாளோ வந்து சேரும்படி அனுப்பினால் மேற்சொன்ன தொல்லைகள் அத்தனையும் நீங்கிவிடும். நேரில்தான் தர வேண்டுமென்றால், ஏற்கெனவே ஒரு சாடியில் தண்ணீரோடு அடுக்கப்பட்டதாக, அப்படியே மேசையில் வைக்கத்தக்கதாக இருக்க வேண்டும். அந்த மேசையில் பழத்தட்டு இருந்தால் பூக்களைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொல்லலாம்; பழுக்கும் பழங்களிலிருந்து வெளியாகும் எத்திலீன் வாயு பூக்களை, குறிப்பாகக் கார்னேஷன் போன்றவற்றை, விரைவில் வாட வைக்கும். பூனை வளர்க்கும் வீட்டுக்கு லில்லி மலர்களை எந்தக் காரணத்துக்காகவும் கொண்டுபோகக் கூடாது. அதன் இலையோ, உடலில் ஒட்டி நக்கப்பட்ட மகரந்தமோ, சாடியின் தண்ணீரோகூடப் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும்.

தொட்டிச்செடிக்கு இந்த அவசரம் எதுவும் இல்லை. வாங்கி ஒரு மூலையில் வைத்துவிட்டு வீட்டுக்காரர் அடுப்படிக்குத் திரும்பிவிடலாம். முதல் அளவுகோலில் அது பூங்கொத்தை எளிதில் வென்றுவிடுகிறது. ஆனால் அதன் சுமை மறுநாள் காலையில் தொடங்குகிறது. பரிசாகத் தரப்படும் செடி என்பது ஒரு பொறுப்பு. கேட்காமல் தலையில் வைக்கப்பட்ட பொறுப்பு. ஆண்டிறுதியில் பல நாடுகளின் கடைகளில் குவியும் பாயின்செட்டியாவையே எடுத்துக்கொள்வோம். மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடியை, அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட் 1820-களில் தம் நாட்டுக்கு அனுப்பியதால் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அதில் சிவந்து விரிந்திருப்பவை இதழ்கள் அல்ல, நிறம் மாறிய இலைகள். நடுவிலுள்ள சிறு மஞ்சள் மொட்டுகளே உண்மையான பூக்கள். அந்த மொட்டுகள் விரியாமல் இருக்கும் செடியை வாங்கினால் நிறம் நெடுநாள் நிற்கும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதற்கு ஆகாது என்பதால், குளிர்நாடுகளில் கடையிலிருந்து வாகனம் வரை மூடாமல் எடுத்துச் சென்றாலே இலை உதிர்க்கும். அடுத்த ஆண்டும் அது சிவக்க வேண்டுமென்றால் நாள்தோறும் ஏறத்தாழ 14 மணி நேரம் இடையறாத இருட்டில் பல வாரங்கள் வைத்திருக்க வேண்டும். இத்தனை பாடுபடும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்?

செடியைக் கொடுப்பதானால், தோட்டத்தில் கைவைத்துப் பழகியவருக்கு எதையும் கொடுக்கலாம். மற்றவர்களுக்கு, அதிகக் கவனிப்பில்லாமலேயே இரண்டு மூன்று மாதம் பூத்து நிற்கும் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் போதும். எந்தச் செடியானாலும், தொட்டியைச் சுற்றிக் கடைக்காரர் கட்டித்தரும் பளபளப்பான தாளின் அடியில் மறக்காமல் துளையிட வேண்டும். வீட்டுச்செடிகள் பெரும்பாலும் நீரின்றிச் சாவதைவிட நீர் தேங்கி வேர் அழுகியே சாகின்றன. அந்தத் தாள் ஊற்றிய நீரையெல்லாம் வெளியே விடாமல் ஏந்தி வைத்துக்கொள்கிறது.

சாக்லேட் பெட்டியையும் நறுமண மெழுகுவத்தியையும் பலர் ஒரே தட்டில் வைக்கிறார்கள். இரண்டும் கைக்கு அடக்கமானவை, வாசலில் வேலை வைக்காதவை என்ற அளவில் அது சரிதான். என்னைக் கேட்டால் சாக்லேட் பக்கமே சாய்வேன். அது தின்று தீர்ந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் வேறொருவர் தின்றுவிடுவார். வாசனையோ ஒருவர் மூக்குக்கும் இன்னொருவர் மூக்குக்கும் ஒத்துவராத பொருள். உணவு பரிமாறும் மேசையில் மணமுள்ள மெழுகுவத்தியை ஏற்றினால், அது பாடுபட்டுச் சமைத்தவற்றின் மணத்தோடு மல்லுக்கு நிற்கும். மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு வரும் தொல்லை வேறு. மெழுகுவத்திதான் என்று முடிவு செய்தவர்கள் மணமற்றதை வாங்குவது பாதுகாப்பு. அதோடு இரண்டு வரிக் குறிப்பும் எழுதி வைக்கலாம்: முதன்முறை ஏற்றும்போது மேற்பரப்பு விளிம்புவரை உருகும்மட்டும் அணைக்கக் கூடாது, இல்லையெனில் நடுவில் மட்டும் குழிந்து சுற்றிலும் மெழுகு வீணாய் நின்றுவிடும், ஒவ்வொரு முறை ஏற்றுவதற்கு முன்னும் திரியை அரை சென்டிமீட்டர் அளவுக்குக் கத்தரித்துவிட வேண்டும்.

சாக்லேட்டிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. கொக்கோ வெண்ணெய் நம் உடல் வெப்பத்துக்குச் சற்றே கீழே, 34 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகுகிறது. வாயில் இட்டதும் கரைவதற்குக் காரணமும் அதுவே, வெயிலில் நின்ற வாகனத்தின் இருக்கையில் அரை மணி நேரத்தில் பாழாவதற்குக் காரணமும் அதுவே. உருகி மீண்டும் இறுகிய சாக்லேட்டின் மேல் சாம்பல் பூத்தாற்போல் வெண்படலம் தெரியும். அது கொழுப்பு மேலே வந்து படிந்ததுதான், உடலுக்குக் கெடுதல் இல்லை என்றாலும், பெட்டியைத் திறப்பவருக்கு அது பழைய சரக்காகவே தோன்றும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலோ, வெளியே எடுக்கும்போது ஈரம் படிந்து சர்க்கரை மேலே பூக்கும். சாக்லேட் பக்கத்திலுள்ள மணத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், அதையும் மணமுள்ள மெழுகுவத்தியையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போவது சாக்லேட்டைக் கெடுப்பதற்கான வழி. நாய் வளர்க்கும் வீடென்றால் பெட்டியை வாசலருகே தாழ்வான மேசையில் வைத்துவிட்டு வரக் கூடாது. கொக்கோவிலுள்ள தியோபுரோமின் நாய்களுக்கு நஞ்சு.

சொல்லாமல் சமைத்துக் கொண்டுபோகும் பண்டம் நல்லெண்ணத்தில் முதலிடமும் வசதியில் கடைசி இடமும் பெறும். அதைச் சூடாக்க அடுப்பு காலியாக இருக்காது. பரிமாறக் கரண்டியும் பாத்திரமும் தேட வேண்டும். யாருக்கு எந்த உணவு ஒவ்வாது என்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்த அளவுக்குக் கொண்டுவந்தவருக்குத் தெரியாது. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்ற பொது விதியையும் சேர்த்து எண்ணினால், ஒரு மணி நேரம் பயணம் செய்து வந்த பண்டம் தன் ஆயுளில் பாதியை வழியிலேயே செலவிட்டிருக்கும். கேட்டால் மட்டுமே கொண்டுபோக வேண்டிய பொருள் இது. ஒயின் போத்தலுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அந்த வீட்டில் அருந்துவார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கொடுக்கலாம், கொடுத்தபின் அது அன்றிரவே திறக்கப்படும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட நான் உயர்வாக மதிப்பது மறுநாள் காலைக்கான அன்பளிப்பைத்தான். விருந்து நடத்தி முடித்த வீட்டில், அடுத்த நாள் காலையில் எழுந்து மீண்டும் சமைக்க யாருக்கும் மனம் வராது. நல்ல தேயிலை, காப்பி, தேன், பழக்கூழ், ரொட்டி என்று ஒரு சிறு பைக்குள் வைத்து, நாளைக் காலைக்கு என்று எழுதிக் கொடுத்தால், வாசலில் அதற்கு எந்த வேலையும் இல்லை. விருந்து மேசையில் ஏற்கெனவே திட்டமிட்ட எதனோடும் அது போட்டியிடாது. காப்பியானால் கொட்டையாகவா தூளாகவா என்பதை, அவர்களிடம் அரைக்கும் கருவி இருக்கிறதா என்று விசாரித்து முடிவு செய்ய வேண்டும். அரைத்த தூள் மணத்தை விரைவில் இழந்துவிடும். நீர்ச்சத்து குறைவு என்பதால் தேன் மூடி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பதால், கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் பழக்கூழே ஏற்றது.

விருந்தின் வகையும் தேர்வை மாற்றும். ஆறேழு பேர் உட்கார்ந்து உண்ணும் விருந்தில் வீட்டுக்காரர் கடைசி நொடிவரை சமையலறையில் கட்டுண்டிருப்பார். அங்கே மறுநாள் காலைப் பையோ சாக்லேட்டோதான் பொருந்தும். எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்து, விருந்தினர் தாமே பரிமாறிக்கொள்ளும் விருந்தில் அவருக்குக் கை ஓய்வாக இருக்கும், பூங்கொத்தைக்கூடச் சமாளித்துவிடுவார்.

நண்பருக்கான பரிசு வேறு கணக்கு. ஜெஃப் கலாக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, கொடுப்பவர் பரிசு கைமாறும் அந்த நொடியை நினைத்தே வாங்குகிறார், பெறுபவரோ அதை வைத்திருக்கப் போகும் காலம் முழுவதையும் நினைத்து மதிப்பிடுகிறார் என்று விளக்கியது. விலை உயர்ந்தால் மகிழ்ச்சியும் உயரும் என்று கொடுப்பவர் நம்புவதும், பெறுபவரிடம் அப்படியொரு தொடர்பு இல்லாததும் 2009-இல் ஃபிரான்சிஸ் ஃபிளினும் கேப்ரியல் ஆடம்ஸும் செய்த ஆய்வில் தெரியவந்தன. பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-இல், மாணவர்கள் தாங்கள் பெற்ற பரிசுகளுக்குத் தந்த மதிப்பு அவற்றின் விலையைவிடப் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை குறைவாக இருந்ததைக் கணக்கிட்டுக் காட்டினார். நண்பர்கள் கொடுத்தவற்றில் இந்த இழப்பு குறைவாகவும், தள்ளியிருக்கும் உறவினர்கள் கொடுத்தவற்றில் அதிகமாகவும் இருந்தது. பரிசின்மீது இருக்கும் உணர்வு சார்ந்த மதிப்பை அந்தக் கணக்கு சேர்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த வெளிச்சத்தில் பரிசு அட்டை, பொருள், அனுபவம் என்ற மூன்றையும் ஒப்பிட்டால், பரிசு அட்டை இழப்பைக் குறைக்கிறது. ஆனால் நண்பரைப் பற்றி நமக்குத் தெரிந்த எதையும் அது சொல்வதில்லை. தம் தேவை இன்னதென்று தெளிவாக வைத்திருக்கும் இளைஞர்களுக்கு அது பொருந்தும். விருந்தளித்தவர் கையில் அதைக் கொடுத்தால், சாப்பாட்டுக்கு விலை கொடுத்ததுபோல் ஆகிவிடும். இசை நிகழ்ச்சி, ஒரு நாள் பயிற்சி போன்ற அனுபவப் பரிசுகள் உறவை நெருக்கமாக்குகின்றன என்று சிண்டி சானும் கேசி மொகில்னரும் 2017-இல் எழுதினார்கள். கொடுத்தவர் கூடப் போகாவிட்டாலும் அந்த விளைவு இருந்தது. ஆனால் நாள் குறிக்கப்படாத அனுபவச் சீட்டு இழுப்பறைக்குள் கிடந்து காலாவதியாகும் என்பதால், இரண்டு மூன்று நாள்களை முன்வைத்து நண்பரையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அப்போதே பதிவு செய்துவிடுவது நல்லது. பொருள்தான் தருவதென்றால், நண்பர் ஏற்கெனவே நாள்தோறும் புழங்கி, தேய்ந்துபோனபின்னும் மாற்றாமல் வைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். முனை மழுங்கிய சமையல் கத்தி, கைப்பிடி ஆடும் குடை, நூல் பிரிந்த பணப்பை ஆகியவற்றுக்கு மாற்றாக அதைவிட ஒரு படி நல்லதை வாங்கித் தருவது, அவர் வீட்டில் இதுவரை இல்லாத புதுமையான கருவியைத் தருவதைவிட நிச்சயமான தேர்வு. புதுமைக் கருவிகள் பிரிக்கும் நாளன்று கைதட்டு வாங்கிவிட்டு அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடும்.

பொதிவதிலும் இருவருக்கும் வேறுபாடு உண்டு. நண்பர்களுக்கிடையே, மிக நேர்த்தியாகப் பொதிந்த பரிசு எதிர்பார்ப்பை உயர்த்திவிடுவதால், சுமாராகப் பொதிந்ததே கூடுதலாகப் பிடித்துப்போகிறது என்றும், அவ்வளவு பழக்கமில்லாதவர்களுக்கு நேர்த்தியே ஏற்றது என்றும் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே நண்பருக்குத் தருவதில் தாள் மடிப்பைப் பற்றிக் கவலைப்படாமல், மாற்றிக்கொள்ள உதவும் ரசீதை உள்ளே வைத்தால் போதும். விருந்தளிப்பவருக்குத் தருவதில் பெயர் எழுதிய அட்டைதான் முக்கியம். பத்துப் பன்னிரண்டு பேர் வந்துபோன இரவில் எதை யார் கொடுத்தார் என்று அவருக்கு நினைவிருக்காது. உறையில் செருகிய அட்டை எங்கேனும் விழுந்துவிடும் என்பதால், அதைத் துளையிட்டுப் பொருளைக் கட்டிய நாடாவோடு முடிந்துவிட வேண்டும்.