புதுப்பேட்டையில் என் பழைய சான்ட்ரோவுக்கு ஏசி வேலை

பழைய வண்டியில் ஏசி காற்று வெதுவெதுப்பாக வந்தால் சென்னையில் எங்கே போனாலும் ஒரே வைத்தியம்தான்: "கேஸ் போட்டுடலாம் மேடம்." திருவான்மியூரில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடையிலும் போட்டார்கள். சித்திரை வெயிலில் ஜில்லென்று வந்த காற்று, ஆடி பிறப்பதற்குள் வெறும் ஃபேன் காற்றாகிவிட்டது. கேட்டால், "2004 மாடல்தானே, தீரத்தான் செய்யும்" என்றார்கள்.

ஏசி கேஸ் ஒன்றும் பெட்ரோல் இல்லை, எரிந்து தீர்ந்துபோக. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது அது. சில மாதத்தில் காலியானால் எங்கோ ஓட்டை இருக்கிறது. இதை எனக்கு உட்கார வைத்துச் சொன்னவர் புதுப்பேட்டையில் ஒரு சந்துக்குள் கடை வைத்திருக்கும் பாய். (உட்கார வைத்து என்றால் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவில். வேறு இருக்கை கிடையாது.) கடைக்குப் பெயர்ப் பலகைகூட இல்லை, சுவரில் "கார் ஏசி" என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான்.

"கேஸ் போட்டுக் குடுங்க பாய்" என்றேன். "பஞ்சர் ஒட்டாம காத்து அடிச்சா எத்தனை நாளைக்கு நிக்கும்கா?" என்று கேட்டுவிட்டு பானட்டைத் திறந்தார். டார்ச் அடித்து முன்பக்க கண்டன்சரின் (கேஸின் சூட்டை வெளியே தள்ளும் பாகம்) கீழ் மூலையைக் காட்டினார். அங்கே மட்டும் மண் ஈரமாகப் படிந்து கறுத்திருந்தது. கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்தே சுற்றுவதால், கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கசிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளுமாம். அப்புறம் நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினார். அதே மூலையில் சின்னச் சின்னதாக நுரை கிளம்பியது. எங்கள் தெரு கடலிலிருந்து நடக்கிற தூரம். உப்புக் காற்று அலுமினியத்தை அரிக்காமல் விடுமா?

கண்டன்சரை ஒட்டவைக்கலாமா என்று கேட்டேன், முடியாது என்றார். புதுப்பேட்டையில் கழற்றிய பழைய பாகம் எது வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் கண்டன்சர் மட்டும் புதுசு போடுங்கள், ஜி.பி. ரோட்டில் நீங்களே போய் பில்லோடு வாங்கி வாருங்கள் என்று அனுப்பினார். பாகத்தில் கமிஷன் பார்க்காத மெக்கானிக்கை நான் இப்போதுதான் பார்க்கிறேன். டிரையரையும், கழற்றிய இடங்களில் ஓ-ரிங்கையும் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) சேர்த்து மாற்றச் சொன்னார். அது சரியான யோசனை. லைனைத் திறந்தால் ஈரம் உள்ளே போகும், அந்த ஈரத்தை உறிஞ்சுவது டிரையர்தான்.

எனக்குப் பிடித்தது அடுத்து நடந்தது. வேக்கம் பம்ப்பை மாட்டி, கேஜ் முள் கீழே இறங்கிய பிறகும் நிறுத்தாமல் முக்கால் மணி நேரம் ஓடவிட்டார். காற்றழுத்தம் அவ்வளவு குறையும்போது உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகி வெளியே வந்துவிடும். ஈரம் தங்கினால், கேஸ் குறுகிப் பாய்ந்து குளிரும் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைத்துக்கொள்ளும். பம்ப்பை நிறுத்திவிட்டு, முள் நகர்கிறதா என்று டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நகரவில்லை. பிறகு என் வண்டி ஏசிக்கான 134ஏ கேஸ் சிலிண்டரைத் தராசில் வைத்து, பானட் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்குக்கு ஏற்றினார். "ஜாஸ்தி போட்டாலும் கூலிங் வராதுக்கா, பிரஷர்தான் ஏறும்." பழைய கடையில் கையால் குழாயைத் தொட்டுப் பார்த்தே நிறுத்தினார்கள்.

பக்கத்தில் ஒரு பழைய கான்டெஸா கார் நின்றது. அந்தக் காலத்து ஏசிக்கு ஆர்12 கேஸ். ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் கட்டுப்படுத்தி, பின்னால் இந்தியாவிலும் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அந்த வண்டியை 134ஏ-வுக்கு மாற்ற ஆயில், ஓ-ரிங் எல்லாம் மாற வேண்டும், பர்ஸ் பத்திரம்.

குறைகளும் உண்டு. மிச்சமிருந்த கேஸைப் பிடித்துவைக்க மெஷின் இல்லை, அப்படியே காற்றில் விட்டார். 134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல், அதனால் எனக்கு உறுத்தியது. துண்டுச் சீட்டுதான் பில். கார்டு வாங்க மாட்டார், ஜிபே உண்டு. போன் எடுக்கவே மாட்டார்.

இப்போது ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது. மத்திய கைலாஷ் சிக்னலில் நின்றால் கொஞ்சம் மந்தமாகிறது. கண்டன்சர் ஃபேன் மோட்டார் சோர்ந்திருக்கிறது, அதற்குப் பழையதே போதும் என்கிறார். நல்லதாக ஒன்று கைக்கு வந்தால் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். போகிறவர்கள் காலையிலேயே போங்கள், வெள்ளிக்கிழமை மதியம் கடை இருக்காது. வண்டி நிறுத்த இடம் தேடி நாலு சுற்று சுற்றவும் தயாராக இருங்கள்.