ஹன்ட்ஸ்வில் ராக்கெட் மையம்: வி-2 முதல் சாட்டர்ன் 5 வரை ஒரே கூரையின் கீழ்

அலபாமா மாநிலத்தின் வடபகுதியிலுள்ள ஹன்ட்ஸ்வில் நகரை நெருங்கும்போதே, 363 அடி உயர ராக்கெட் ஒன்று நிமிர்ந்து நிற்பது நெடுஞ்சாலையிலிருந்து கண்ணில் படுகிறது. அது மாதிரி உருவம்தான். மனிதர்களை நிலவுக்கு அனுப்பிய ராக்கெட் வகையான சாட்டர்ன் 5-இன் அசல், அமெரிக்க விண்வெளி மற்றும் ராக்கெட் மையத்தின் டேவிட்சன் கூடத்துக்குள், அடுக்குகள் தனித்தனியே பிரிக்கப்பட்டு, நம் தலைக்கு மேலே படுத்த வாக்கில் தாங்கி நிறுத்தப்பட்டிருக்கிறது. தரையில் நடந்த அதிர்வுச் சோதனைகளுக்காகக் கட்டப்பட்டு, விண்ணில் ஏவப்படாததால், கடலில் விழாமல் தப்பிய ராக்கெட் இது.

இந்த மையம் வேண்டுமென்று அலபாமா அரசிடம் வாதாடியவர் வெர்னர் ஃபான் பிரௌன்; முதலில் ஜெர்மனியில் வி-2-வையும் பின்னர் அமெரிக்காவில் சாட்டர்ன் 5-ஐயும் உருவாக்கிய குழுக்களுக்குத் தலைமை தாங்கிய ராக்கெட் பொறியாளர். 1970-இல் இது திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் நாசா தலைமையகப் பணிக்காக வாஷிங்டனுக்குப் பெயர்ந்துவிட்டார். எனவே இங்குள்ள இயந்திரங்களை அவருடைய வாழ்க்கை வரிசையிலேயே பார்ப்பது நல்லது.

அதற்கு, இரண்டாம் உலகப்போரில் நாஜி ஜெர்மனி ஏவிய வி-2 ஏவுகணையிலிருந்து தொடங்க வேண்டும். ஆல்கஹாலையும் திரவ ஆக்சிஜனையும் எரித்து ஏறக்குறைய 25 டன் உந்துவிசை தந்த இந்த 14 மீட்டர் ஆயுதம், 1944 செப்டம்பர் முதல் லண்டன் மீது விழுந்தது. அதைத் தயாரித்த நிலத்தடித் தொழிற்சாலைக்கு அடிமை உழைப்பைத் தந்த டோரா வதைமுகாம் தொகுதியில், 60,000 கைதிகளில் ஏறக்குறைய 20,000 பேர் மடிந்தார்கள். பிரௌன் நாஜிக் கட்சி உறுப்பினர், ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் அதிகாரி. இவற்றைப் படித்துவிட்டுச் சென்றதால், அந்த ஏவுகணையின் முன் வெறும் வியப்போடு நிற்க என்னால் இயலவில்லை.

1945-இல் அமெரிக்க ராணுவமே அவரை அழைத்துச் சென்று டெக்சாஸில் குடியமர்த்தியது; விசாவுக்காக வரிசையில் நின்ற நமக்கு இது சற்று உறுத்தவே செய்யும். 1950-இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஜெர்மானியச் சகாக்களோடு, அப்போது 16,000 பேர் மட்டுமே வாழ்ந்த ஹன்ட்ஸ்வில்லுக்கு வந்தார். 1955-இல் குடியுரிமை பெற்றார். சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் 1957-இல் பறந்த இரண்டே மாதங்களில், அதற்குப் பதிலாக அமெரிக்கக் கடற்படை ஏவ முயன்ற வான்கார்ட் ராக்கெட், ஏவுதளத்திலேயே வெடித்துச் சிதறியது. அதன்பின் 1958 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் 1-ஐச் சுற்றுப்பாதையில் சேர்த்தது, பிரௌனின் குழு உருவாக்கிய ராக்கெட்.

பயணத்தின் உச்சம், சாட்டர்னின் அடிப்பகுதியில் நின்று ஐந்து எஃப்-1 எஞ்சின்களை அண்ணாந்து பார்ப்பதுதான். ஒவ்வொன்றின் வாயும் ஏறக்குறைய 3.7 மீட்டர் அகலம். ஐந்தும் சேர்ந்து தந்த உந்துவிசை சுமார் 3,400 டன். வி-2 முதன்முறை வெற்றிகரமாகப் பறந்த 1942-க்கும் சாட்டர்ன் 5 முதலில் எழும்பிய 1967-க்கும் இடையே 25 ஆண்டுகளே உள்ளன என்பதை, எந்தப் பட விளக்கத்தைவிடவும் இந்த எஞ்சின்கள் நன்றாக உணர்த்துகின்றன.

அரை நாளாவது ஒதுக்கிச் செல்லுங்கள். 1959-இல் விண்ணுக்குச் சென்று உயிரோடு திரும்பிய மிஸ் பேக்கர் என்னும் குரங்கின் கல்லறை இவ்வளாகத்தில் இருக்கிறது. அதன்மீது பார்வையாளர்கள் வாழைப்பழம் வைத்துச் செல்வது வழக்கம், ஆகவே குழந்தைகளோடு செல்பவர்கள் ஒன்றிரண்டு பழங்களைக் கையோடு எடுத்துச் செல்லலாம்.