முழு மாத்திரையா, மணிகள் நிரம்பிய கேப்ஸ்யூலா?

வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மருந்து எனக்கு முதலில் மாத்திரையாகத்தான் வந்தது. அப்புறம் டாக்டரிடம் கேட்டு கேப்ஸ்யூலுக்கு மாறினேன், திரும்பிப் போகும் எண்ணமில்லை.

அடிப்படை வேலை இரண்டிலும் ஒன்றுதான். இரைப்பை அமிலம் பட்டால் இந்த மருந்து சிதைந்துவிடும், அதனால் மேலே ஒரு பூச்சு. வழக்கமாக அது அமிலத்தில் கரையாமல், பிஎச் (அமிலம் குறையக் குறைய ஏறும் எண்) 5.5 அளவைத் தாண்டிய பிறகு, அதாவது சிறுகுடலை எட்டியதும் கரையும். மாத்திரையில் மொத்தத்துக்கும் ஒரே பூச்சு. கேப்ஸ்யூலின் ஜெலட்டின் கூடு வயிற்றிலேயே கரைந்துவிடும், பூச்சு இருப்பது உள்ளே உள்ள ஒவ்வொரு குட்டி மணியின் மேலும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இரைப்பையின் கீழ்வாசல். சாப்பிட்ட பிறகு அந்த வாசல் சுமார் 2 மில்லிமீட்டருக்குள் அரைபட்டதைத்தான் சுலபமாக வெளியே விடும். பூச்சுப் போட்ட முழு மாத்திரை அங்கே கரையவும் செய்யாது, நழுவவும் முடியாது. வயிறு காலியானபின் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மிச்சம்மீதியைப் பெருக்கித் தள்ளும் அலை ஒன்று எழும், அதுவரை காத்துக் கிடக்க வேண்டியதுதான். நடுவில் ஏதாவது கொறித்தால் அந்த அலையும் தள்ளிப்போகும் (நான் கொறிக்கிற ஆள்). மணிகளுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை, உணவோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். ஒரு மணியின் பூச்சில் விரிசல் விழுந்தால் அந்த ஒன்றோடு போயிற்று, மாத்திரையில் விழுந்தால் முழு டோஸுக்கும் ஆபத்து. மாறியபின் எனக்கு நெஞ்செரிச்சல் குறைந்தது உண்மை, ஆனால் இந்த மருந்தின் முழுப் பலன் தெரியவே சில நாள் ஆகும் என்பதால் காரணம் மணிகள்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கும் கேப்ஸ்யூல் வசதி. திறக்கலாம் என்று மருந்தின் குறிப்புத்தாளில் இருந்தால் மணிகளை ஆப்பிள் கூழில் தூவி, மெல்லாமல் விழுங்கலாம். பாலில் மட்டும் போடாதீர்கள், அதன் பிஎச் 6.6-ஐ ஒட்டியிருப்பதால் பூச்சு அங்கேயே இளகத் தொடங்கிவிடும்.

மாத்திரை அளவில் சிறியது, செய்வதும் எளிது. வெறும் வயிற்றில் ஒழுங்காகப் போடுகிறவருக்கு அதுவே போதும், பாதியாக உடைக்காதவரை.

கூடே அமிலத்தைத் தாங்கும் கேப்ஸ்யூலும் உண்டு. முழுசாகவே இறங்க வேண்டியிருப்பதால் அதுவும் மாத்திரை மாதிரி வாசலில் நிற்கும் என்பது என் கணக்கு, ஆனால் ப்ரோபயாட்டிக்குக்காக (குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா) ஒரே ஒரு டப்பாதான் முடித்திருக்கிறேன்.