கிரெனடா ஜாதிக்காய்: ஓட்டோடு வாங்குங்கள்

கரீபியன் தீவு நாடான கிரெனடாவின் தலைநகர் செயின்ட் ஜார்ஜஸ் சந்தையில் ஜாதிக்காயை மூன்று விதமாக விற்கிறார்கள்: பொடிப் பொட்டலம், பட்டை கிராம்போடு கோத்த மாலை, ஓடு நீக்காத முழுக்காய். மாலை வீட்டில் மணக்கத் தொங்கவிடலாம், சமையலுக்கு ஆகாது. பொடி வேண்டவே வேண்டாம்; அரைத்ததுமே வாசனை எண்ணெய் ஆவியாகத் தொடங்கிவிடும். ஓட்டுக்குள் இருக்கும் பருப்பு ஆண்டுக்கணக்கில் தாங்கும்.

வாங்கும்போது காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே பருப்பு கடகடவென்று உருண்டால் நன்றாகக் காய்ந்த காய். சத்தம் வராவிட்டால் ஈரம் போகவில்லை என்று பொருள், பூஞ்சை பிடிக்கும். உடைத்த பருப்பு கனமாக, பூச்சித் துளை இல்லாமல் இருக்கவேண்டும். ஊசியால் குத்தினால் எண்ணெய் மினுங்கும்.

தரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, மேற்குக் கரையில் உள்ள குவாவ் ஊரின் பதப்படுத்தும் நிலையத்துக்குப் போகலாம். கட்டாயம் போங்கள். 1947-இல் தொடங்கிய விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் நிலையம் அது. தட்டுகளில் பரப்பிய காய்களை வாரக்கணக்கில் நிழலிலேயே கிளறிக் கிளறி உலர்த்துகிறார்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை மழைக்காலம் என்பதால் வெயிலை நம்ப முடியாது. கடும் வெப்பமும் கூடாது, 45 டிகிரியைத் தாண்டினால் பருப்பிலுள்ள கொழுப்பு உருகிவிடும். ஓடு உடைத்தபின் தண்ணீரில் போடுகிறார்கள். மூழ்குவது மசாலாவுக்கு, மிதப்பது எண்ணெய் எடுக்க. உடைந்த ஓடுகூட வீணாவதில்லை, தோட்டப் பாதைகளில் பரப்பிவிடுகிறார்கள்.

தேசியக் கொடியிலேயே ஜாதிக்காயை வரைந்து வைத்திருக்கும் நாடு இது. இந்தோனேசியாவுக்கு அடுத்தபடியாக உலகுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. 2004 செப்டம்பரில் வந்த ஐவன் சூறாவளி பெரும்பாலான மரங்களைச் சாய்த்துவிட்டது. திரும்ப நட்டாலும் பூ விட ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும்; அது ஆண் மரமா பெண் மரமா என்பதும் அப்போதுதான் தெரியும். காய்ப்பது பெண் மரம் மட்டுமே. அந்த இழப்பிலிருந்து மீள இத்தனை காலம் பிடிப்பது இதனால்தான்.

சுவையில் இந்தோனேசியக் காயைவிடச் சற்று மென்மை. மிரிஸ்டிசின் என்ற மணப்பொருள் இதில் குறைவு. பால் பாயசத்துக்கும் கஞ்சிக்கும் பொருத்தம். உள்ளூரில் கோகோ டீ எனப்படும் சூடான கோகோ பானத்தில் போடுவார்கள், ரம் பஞ்ச் என்ற மதுபானக் கலவைக் கோப்பையின் மேல் கடைசியாகத் துருவுவார்கள். கொதிக்கும்போது போட்டால் மணம் ஆவியோடு போய்விடும், இறக்கியபின் துருவுங்கள். நான்கு பேருக்குக் கால் தேக்கரண்டி தாராளம். ஒரு முழுக் காயை ஒருவரே ஒரே வேளையில் சாப்பிட்டால் குமட்டல், படபடப்பு, மனக்குழப்பம் வரும். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

பையில் இடமிருந்தால் மேல்சதையில் செய்த ஜாம் ஒரு புட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். ரொட்டிக்கு அருமை. திறந்தபின் குளிர்பெட்டியில் வைக்கவேண்டும்.