மேண்டலின் பலகை: உளியா, காப்பி ரவுட்டரா, சிஎன்சியா?

மேண்டலினின் மேல்பலகையையும் அடிப்பலகையையும் கையால் குடைவதா, மெஷினில் கொடுப்பதா? இந்த வழக்கில் இரண்டு பலகைக்கும் ஒரே தீர்ப்பு சொல்ல என்னால் முடியாது. மேப்பிள் என்ற வன்மரத்து அடிப்பலகை மெஷினுக்குப் போகட்டும். ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மென்மரத்து மேல்பலகையைக் கையை விட்டு விடாதீர்கள்.

இங்கே பேசுவது வயலின் மாதிரி முகம் மேடிட்ட மேண்டலின். பலகையை வளைக்காமல், கெட்டிக் கட்டையைக் குடைந்தே வளைவு கொண்டுவரும் இந்த முறைக்கு அமெரிக்காவின் கலமசூ ஊரில் ஓர்வில் கிப்சன் 1898இல் காப்புரிமை பெற்றார். (யூ. ஸ்ரீநிவாஸ் வாசித்த மின்மேண்டலினுக்கு உடம்பே குடையாத கெட்டிக் கட்டை. இந்தத் தலைவலி அதற்கு இல்லை.)

கைவேலையில் வெளிவளைவு முதலில். வாய் வளைந்த உளியை மர ரேகைக்குக் குறுக்கே ஓட்டி, கட்டைவிரல் அளவு இழைப்புளியால் மேடுகளைச் சீவி, சுரண்டு தகட்டால் முடிக்க வேண்டும். பிறகு கவிழ்த்து உட்பக்கம். டிரில்லிங் மெஷினின் மேஜையில் தலை உருண்ட முளை ஒன்றை நட்டு, டிரில் முனை அதற்கு 6 மி.மீ. மேலேயே நின்றுவிடும்படி பூட்டிக்கொண்டு பலகை முழுக்கக் குழி போடுங்கள். குழிகள் மறையும்வரை குடைந்தால் எங்கும் 6 மி.மீ. மிஞ்சும். அதற்குப் பின் தடிமன் அளக்கும் காலிப்பர் பேசும்: நடுவில் 4.5 முதல் 5, விளிம்பை ஒட்டிய பள்ளத்தில் சுமார் 3 மி.மீ.

ஸ்புரூஸில் இது சுகமான வேலை. கூரான உளிக்குச் சீவல் சுருள் சுருளாக வரும். மழுங்கினால் ரேகைகளுக்கு நடுவே உள்ள மெத்தென்ற பகுதி நசுங்கும். மேப்பிள் கதை வேறு. அழகுக்காகக் காசு கொடுத்து வாங்கும் அந்த அலையோட்டம்தான் உளிக்கு எமன். அலைக்கு அலை ரேகை திசை மாறுவதால் திடீரெனச் சில்லு பெயர்ந்து வரும். மணிக்கட்டு வலி இலவசம்.

காப்பி ரவுட்டரில் ஒரு முனை மாதிரிப் பலகைமேல் ஊர, ரவுட்டர் என்ற சுழலும் வெட்டுக் கருவி அதே மேடுபள்ளத்தை மரத்தில் வெட்டும். பட்டறையிலேயே செய்துகொள்ளலாம், செலவு குறைவு. ஆனால் மாதிரியின் கோணலையும் அப்படியே எடுக்கும். சட்டம் ஆடினால் ஆழம் தவறும். தூசியும் இரைச்சலும் சொல்லி மாளாது. எனக்கு இதில் பிடிப்பில்லை.

சிஎன்சி, அதாவது கணினி சொல்படி வெட்டும் மெஷின், நூறு பலகையையும் ஒரே அளவில் தரும். மேல்பலகைக்கு அதுதான் குறை. ஒரே மரத்து ஸ்புரூஸ் துண்டுகளே விறைப்பில் வேறுபடும். எட்டுக் கம்பிகளின் இழுவை 80 கிலோவை ஒட்டி வரும். அதில் ஒரு பங்கு குதிரை வழியாக மேல்பலகையை அழுத்துகிறது. விறைப்பான மரத்தைத் தடிமனாக விட்டால் ஒலி அடைபடும், தளர்ந்ததை மெலிதாக்கினால் நடுவில் அமுங்கும். இரு கையாலும் நெளித்து, தட்டிக் கேட்டு, எங்கே நிறுத்துவது என்று அந்தத் துண்டை வைத்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. 1922 முதல் 1924 வரை கிப்சன் நிறுவனத்தின் ஒலியியல் பொறியாளர் லாயிட் லோர் கையெழுத்திட்ட எஃப்-5 ரக மேண்டலின்களில், மேல்பலகை, அடிப்பலகை, உள்சட்டங்கள், காற்றறை எல்லாம் சோதித்துச் சுருதி கூட்டப்பட்டவை என்றே சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

அடிப்பலகையையும் அவர்கள் விடவில்லைதான். அதனால் சிஎன்சிக்காரரிடம் மேப்பிளைக் கொடுக்கும்போது வெளிவளைவை முழுசாக முடிக்கச் சொல்லுங்கள், உட்பக்கம் மட்டும் எங்கும் 1 மி.மீ. கூடுதலாக, விளிம்புப் பள்ளத்தில் 1.5 மி.மீ. கூடுதலாக விடச் சொல்லுங்கள். மிச்சத்தைச் சுரண்டு தகடு பார்த்துக்கொள்ளும்.