'ஹாம்' ஊரா, 'பி' ஊரா?

இங்கிலாந்து வரைபடத்தில் ஊர்ப்பெயர்களின் முடிவில் இரண்டு வால்கள் கண்ணில் படும். பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் ஒரு வகை. டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி இன்னொன்று. 'ஹாம்' டேனியருக்கு முன்பே அங்கே குடியேறிய ஆங்கிலோ-சாக்சன் மக்களின் சொல்; குடியிருப்பு என்று பொருள். 'பி' 9ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய டேனிஷ்காரர்கள் விட்டுச்சென்றது; பண்ணை, ஊர் என்று பொருள்.

வரலாறு தேடுபவருக்கு 'பி'தான் நம்பகமான துப்பு என்பேன். யார்க்‌ஷயர், லிங்கன்‌ஷயர் பக்கம் அது மண்டிக்கிடக்கும், தெற்கே அரிது. டேனியர் ஆண்ட எல்லையே கண்முன் விரியும். டெர்பிக்கு அவர்கள் வருமுன் நார்த்வொர்தி என்று பெயர். விட்பிக்கும் வேறு பழைய பெயர் உண்டு.

'ஹாம்' கொஞ்சம் ஏமாற்றும். ஆற்று வளைவு நிலத்தைக் குறித்த 'ஹம்' என்ற வேறொரு சொல்லும் அதோடு கலந்துவிட்டது. ஏவன் ஆறு வளைந்தோடும் ஈவ்ஷாம் அப்படிப்பட்டது. ஆனால் சுவாரசியத்துக்குக் குறைவில்லை: நாட்டிங்ஹாம் ஸ்னாட் என்பவனின் கூட்டத்தார் ஊர். 1086ஆம் ஆண்டின் நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே பதிவேட்டில்கூட முன்னால் அந்த 'ஸ்' இருக்கிறது. அது உதிர்ந்தது ஊர்க்காரர்களின் அதிர்ஷ்டம், ஏனென்றால் இன்றைய ஆங்கிலத்தில் ஸ்னாட் என்றால் மூக்குச்சளி!

குடும்பப்பெயர் என்று வந்தால் இரண்டும் சமம். கிராஸ்பி, கிர்பி, பக்கிங்ஹாம் எல்லாம் ஊரிலிருந்து ஆளுக்கு ஒட்டியவை. ஆனால் கிர்பி, கிர்க்பி என்று பல ஊர்கள் இருப்பதால், கிர்பி குடும்பத்தார் எந்த ஊர் என்று தேடித்தான் ஆகவேண்டும்.